பங்காளிச் சாட்சி

"உங்க வீட்டுக்காரருக்கு ஜென்மப் பகையாளி யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர் ராபியா.

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்பெலும்பில் புற்று வந்து புருஷன் ஞானகுரு பக்கத்து அறையில் துடித்துக்கொண்டிருக்கிறான். அருப்புக்கோட்டை பஜாரில் சேவுக்கடை வைத்து, ஊரையே தன் தொண்டையால் மிரட்டினவன், இப்போது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துகிறான். ஒரு வேளை மருந்து கொடுங்கள் தாயே என்று கையேந்தி நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"பகையாளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மருந்தைக் குடுங்க."

"என் இஷ்டத்துக்குக் குடுக்க முடியாதும்மா. வலிக்குதுன்னு சாட்சி வேணும்."

"நான் சொல்றேனே! ராவும் பகலும் அவுக பக்கத்துல கிடக்கிறவ நான். என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"பொண்டாட்டி சாட்சி செல்லாது. பிள்ளைங்க சாட்சியும் செல்லாது." டாக்டர் இந்தப் பேச்சைப் பலபேரிடம் பேசிப் பேசிச் சலித்தவர் என்பது குரலிலேயே தெரிந்தது. "ஒரு காலத்துல டாக்டர் எழுதிக் குடுத்தா மெடிக்கல்ல வாங்கிக்கலாம். அதைப் போதைக்குப் போட்டு எத்தனையோ பசங்க செத்தாங்க. சரின்னு பூட்டி வச்சாங்க. அப்புறம் புற்றுக்காரங்க மருந்தில்லாமக் கதறிக் கதறிச் செத்தாங்க. வலியை மெஷின் அளக்கட்டும்னு கொண்டு வந்தாங்க, அதை ஏமாத்தவும் நம்மாளுக்கு ஒரு மாசம்தான் ஆச்சு. கடைசியில இந்தப் பட்டை."

மேஜைமேல் இரண்டு சாம்பல் நிறப் பட்டைகள் கிடந்தன. பார்த்தால் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை போலத்தான் இருந்தது.

"ஒண்ணு நோயாளி கழுத்துல, இன்னொண்ணு சாட்சி கழுத்துல. அவரு வலியில கால்வாசி சாட்சிக்கு வரும். உணர்ந்து பார்த்து, ஆமா வலிக்குதுன்னு பெருவிரல் வைக்கணும். வச்சா நான் மருந்து குடுத்தே ஆகணும். வைக்கலேன்னா குடுக்கவே கூடாது. முன்னாடி குடுத்ததுக்கு ஒரு டாக்டர் ஜெயிலுக்குப் போனார், குடுக்காததுக்கு இன்னொருத்தர் போனார். இப்ப முடிவு எங்க கையில இல்ல."

"அந்தப் பட்டையை என் கழுத்துல மாட்டுங்க."

"பொண்டாட்டியை அடிச்சு இழுத்துட்டு வந்து சாட்சி வச்ச கதை நிறைய நடந்துச்சும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல கூலிக்குச் சாட்சியும் கிடைச்சான். அதனாலதான் இந்தச் சட்டம். ஒரே ரேசன் கார்டுல இருக்கணும், ஆனா நோயாளி கையை எதிர்பார்த்து வாழுறவங்களா இருக்கக் கூடாது. பகையாளின்னா ரொம்ப நல்லது. பகையாளி எதுக்குப் பொய் சொல்லி மருந்து வாங்கிக் குடுக்கப் போறான்?"

எந்த மகராசன் உட்கார்ந்து எழுதினானோ இந்தச் சட்டத்தை! கட்டினவள் சொன்னால் பொய், வெட்ட வந்தவன் சொன்னால் மெய்.

செண்பகவல்லி கார்டில் மூன்று பேர். அவள், ஞானகுரு, கொழுந்தன் தவசி. மாமனார் விட்டுப்போன நீள வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். வாசல் ரெண்டு, அடுப்பு ரெண்டு, வழக்கு ஒன்று. வேறு யாராக இருந்தாலும் என்றைக்கோ கார்டைப் பிரித்திருப்பார்கள். ஆனால் எவன் முதலில் பேரை நீக்குகிறானோ அவன் வீட்டைவிட்டுப் போனவனாகிவிடுவான் என்று ரெண்டு பேருடைய வக்கீல்களும் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் ஒரு மாசம் அண்ணன் வீட்டுக்கு அரிசி, மறு மாசம் தம்பிக்கு. தீபாவளி மாசத்துச் சீனி யாருக்கு என்பதில் ரேசன் கடை வாசலிலேயே அடிதடி நடந்து, கடைக்காரர் அவர்களைக் கண்டாலே ஷட்டரை இறக்குவார்.

இப்போது அந்தக் கார்டுதான் ஞானகுருவின் உயிர்நாடி. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞானகுருவை வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டு, கொழுந்தன் வாசலுக்குப் போனாள். அந்த வாசலை மிதித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. தவசி கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், ஒற்றைக்கட்டை. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்ன, மதினி வழி தவறி வந்துட்டாகளோ?"

"அவுகளுக்கு ரொம்ப முடியல தம்பி."

"கேக்குதே. சுவரு ஒண்ணரைச் செங்கல்தானே! மூணு நாளா நல்லாத்தான் தூங்குறேன், தாலாட்டு மாதிரி இருக்கு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பட்டை, கார்டு, சாட்சி, எல்லாம். அவன் கடலைத்தோலை ஊதிவிட்டு மென்றுகொண்டே கேட்டான்.

"கோமதி செத்தன்னைக்கு இந்த வாசல் எங்கன இருந்துச்சுன்னு தெரியலையாக்கும் மதினிக்கு? என் பொண்டாட்டி பொணம் நடு வீட்டுல கிடக்கு. உங்க வீட்டுக்காரன் கடையைத் திறந்து வச்சுச் சேவு பொரிச்சான். பொணத்தைத் தூக்கையில எண்ணெய் வாசம் வந்துச்சு. இப்பவும் எனக்குச் சேவுன்னா குமட்டும்."

 அன்றைக்கு அவளும் போகவில்லை. கிளம்பியவளை, "படி தாண்டினா அப்படியே போயிரு" என்று ஞானகுரு சொன்னான், அவள் நின்றுவிட்டாள். அது தப்பு என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

"கால்ல வேணா விழுறேன்."

"எதுக்கு விழணும்? வர்றேன்." தவசி வாய் நிறையச் சிரித்தான். "இத்தனை நாளும் அவன் கத்துறதை வெளியில இருந்து கேட்டேன். உள்ள இருந்தே பார்க்கலாம்னா வலிக்குதா? போயிட்டு, துளி வலிகூட இல்லைன்னு சொல்லிட்டு வர்றேன்."

பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும் என்பார்கள். இவன் பதம் பார்த்துத்தான் வந்தான்.

ஞானகுருவுக்கும் வீறாப்பு குறையவில்லை. "அந்த நாயி என் பக்கத்துல உட்காரக் கூடாது. செத்துப்போறேன், போ!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தே கத்தினான். அடுத்த வலி வந்தது. அது இறங்கி முடிந்ததும் கழுத்தை நீட்டிப் பட்டையைக் கட்டச் சொன்னான்.

சிஸ்டர் ஜெபசீலி ரெண்டு பேருக்கும் பட்டையைக் கட்டினாள். தவசி கால்மேல் கால் போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல நாற்காலியில் சாய்ந்திருந்தான். பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது.

அவன் நாற்காலியோடு கீழே விழுந்தான்.

"ஆத்தாடி! எடு, எடு, எடுங்கடீ!" இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டான். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்தது. கால்வாசிக்கே இந்தக் கூத்து. கட்டிலில் கிடந்த ஞானகுரு தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்து, அந்த வலியிலும் இளித்தான். செண்பகவல்லிக்கு அந்த இளிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

திரையில் மனுஷ உருவம் ஒன்று வந்தது. எங்கே வலி என்று சாட்சி தொட்டுக் காட்ட வேண்டும். தவசி விரலால் இடது இடுப்பைத் தொட்டான், பெருவிரலை வைத்தான். வலி இல்லை என்று சொல்ல வந்தவனுக்கு அந்த நினைப்பே இருந்திருக்காது. ஞானகுரு மாத்திரையை விழுங்கினான்.

"கழட்டுங்க சிஸ்டர், அதான் சாட்சி வச்சாச்சே!"

"இல்லண்ணே, மாத்திரை வேலை செய்யிற வரைக்கும் பட்டை இருக்கணும். முன்னாடி வாய்க்குள்ள ஒதுக்கி வச்சிருந்து, வெளிய போய் வித்துட்டாங்க. வலி குறைஞ்சிருச்சுன்னும் நீங்கதான் சொல்லணும்."

தவசி நாற்காலியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து திட்டினான். சட்டத்தை, அண்ணனை, அண்ணனைப் பெற்றவளை, அவள் தனக்கும் ஆத்தாள்தான் என்பதை மறந்து திட்டினான். அப்புறம் திட்டு மெதுவானது. பாதி வார்த்தையில் நின்றது.

செண்பகவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். சுருங்கிக் கிடந்த நெற்றி தானாக விரிந்தது. தோள் இறங்கியது. கட்டிலில் அண்ணன் மூச்சு விட, நாற்காலியில் தம்பியும் அதே மூச்சை விட்டான். ரெண்டு பேர் கண்ணும் பாதி மூடியிருந்தன. அவர்கள் ஒரே ஆத்தாள் வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முகத்தில் தெரிந்தது.

சிஸ்டர் பட்டையைக் கழற்ற வந்தபோது தவசி அவள் கையைத் தள்ளினான். "இரும்மா. சரியாக் குறைஞ்சிருச்சான்னு பார்த்துக்கிடுறேன்."

அதற்கப்புறம் ஆளை நிறுத்த முடியவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து. ஆட்டோ வருவதற்கு முன்னமே குளித்து, திருநீறு பூசி, வாசலில் நிற்பான். அண்ணனுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தான். பஜாரே அதிசயப்பட்டது. "ரத்தம் ரத்தம்தான்யா, என்னமோ தண்ணின்னு நினைச்சோம்" என்றார் எதிர்க் கடைக்காரர். செண்பகவல்லிக்கும் மனசு இளகித்தான் போயிற்று. ஒருநாள் தோசை சுட்டு, அவனுக்கும் தட்டு வைத்தாள். தின்றுகொண்டே, "இன்னைக்கு எத்தனை மணிக்கு மதினி?" என்று கேட்டான்.

மருந்து நாளில் வருகிற பசி, மருந்து இல்லாத நாளில் அவனுக்கு வராது. அன்றெல்லாம் கை நடுங்கியது. மூக்கு ஒழுகியது. கமிஷன் மண்டியில் எடை போடுகிற வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கூண்டில் அடைத்த நரி மாதிரி நடக்கிற சத்தம் கேட்டது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தலை மதினி. அண்ணன் படுற பாடு உங்களுக்கென்ன தெரியும்? எனக்குல்ல தெரியும்! தினமும் குடுக்கச் சொல்லுங்க. கூடக் குடுக்கச் சொல்லுங்க."

சாட்சி கேட்டால் கொடுத்தாக வேண்டும். அளவு கூடியது. ஞானகுரு பகலெல்லாம் வாய் பிளந்து தூங்கினான். கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல விழித்தான். வலி இல்லையே, அதுவே புண்ணியம் என்று அவள் பேசாமல் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் ஒரு நல்ல சேதி சொன்னார். வலி ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடத்து நரம்பைச் சுட்டு அடைத்துவிடலாம். ஒரு தடவை செய்தால் போதும். நோய் போகாது, ஆனால் வலி போய்விடும். இருக்கிற காலத்தை எழுந்து நடமாடிக் கழிக்கலாம்.

"இடுப்புல மட்டும்தான் டாக்டர்" என்றான் ஞானகுரு உடனே.

"நீங்க சொல்றது கணக்கில்லண்ணே. சாட்சி சொல்லணும்."

தவசி கழுத்தில் பட்டையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். திரையில் வந்த உருவத்தைப் பார்த்தான். தலையைத் தொட்டான், முதுகைத் தொட்டான், ரெண்டு காலையும் தொட்டான்.

"உடம்பு பூராவும் வலிக்குது. பாவம்" என்றான்.

"டேய்! பொய்யாடா சொல்றே!" ஞானகுரு எழப் பார்த்தான், முடியவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். உடம்பு முழுக்க வலி என்றால் எந்த நரம்பைச் சுடுவது? மாத்திரைதான் வழி.

 முதல் நாள் இதே விரல் இடுப்பைத் தொட்டதைச் செண்பகவல்லி கண்ணால் பார்த்தவள். பழைய பகையைத் தீர்க்கிறான் என்றுதான் அப்போது நினைத்தாள். பகையாளி குடியை உறவாடிக் கெடு என்று சும்மாவா சொன்னார்கள்!

பகை இல்லை அது. அடுத்த நாள் அவளுக்கு வேறொன்று தெரிந்தது.

ஞானகுருவை ஆட்டோவில் ஏற்றும்போது தவசிதான் எப்போதும் தாங்கிப் பிடிப்பான். அன்றைக்கு அவள் பின்னால் வந்தாள். உட்கார வைக்கிறபோது தவசி அண்ணனின் இடது இடுப்பை ஆட்டோ கம்பியில் வேண்டுமென்றே இடித்தான். கைதவறி இல்லை. ஒருதரம் இடித்து, முகத்தைப் பார்த்து, இன்னொருதரம் இடித்தான். ஞானகுரு அலறினான். தவசியின் கண்ணில் பசி தெரிந்தது, பந்தியில் இலை போட்டதும் தெரிகிற பசி.

அவள் சட்டையைப் பிடித்து அவனைக் கீழே இழுத்தாள். செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"நாசமாப் போறவனே! உனக்குக் கை அழுகாதா?"

தவசி தடுக்கக்கூட இல்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான். "வலி கூட இருந்தாத்தான் மதினி அப்புறம் அது இறங்கையில... உங்களுக்குப் புரியாது. கோமதி போனதுக்கு அப்புறம் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு கிடக்கு. பதினேழு வருசமாக் கிடக்கு. அந்த அரைமணி நேரம் மட்டும்தான் அது இல்லை."

"போதைக்காரப் பயலே! டாக்டர்ட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்க. என் ரத்தத்தை எடுத்துப் பார்க்கட்டும். ஒரு மாத்திரை, ஒரு பொட்டு உள்ள போகலை. எந்தச் சட்டத்துல என்னைப் பிடிப்பாக? அப்படியே பிடிச்சாலும்..." அவன் ஆட்டோவைக் காட்டினான். "நான் இல்லேன்னா அவனுக்கு மருந்து யாரு வாங்கிக் குடுப்பா? கார்டுல வேற யாரு இருக்கா?"

டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் ராபியா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"இந்த மாதிரி நாலஞ்சு பேரைப் பார்த்துட்டேன். இதுக்குச் சட்டத்துல பேரே கிடையாது. நான் மேல எழுதினா அவர் சாட்சி ரத்தாகும். அன்னைக்கே உங்க வீட்டுக்காரருக்கு மருந்தும் நிக்கும். எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்கம்மா."

என்ன சொல்லுவாள்? எழுதுங்கள் என்றால் புருஷன் கதறுவான். எழுத வேண்டாம் என்றால் இந்தப் பிணம்தின்னி அவனை இடித்து இடித்தே ருசி பார்ப்பான். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஞானகுருவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள்.

அவன் அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும்டி. என் இடுப்புல இடிச்சது எனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு அவன் கண்ணில் பழைய முதலாளி எட்டிப் பார்த்தான். "இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரலை. மருந்து வேண்டாம். பட்டை வேண்டாம். அவன் எப்படி இருக்கான்னு பார்ப்போம்."

"வலிக்குமேங்க!"

"எனக்கு வலி புதுசா? வலி பழகினவன் நான். அவன் பழகாதவன். எவன் முதல்ல உடையிறான்னு பார்த்துருவோம். நடுவுல நான் கெஞ்சினாலும் நீ அவனைக் கூப்பிடக் கூடாது. உன் தாலி மேல சத்தியம் பண்ணு."

அந்தச் சத்தியத்தைப் போல ஒரு பாவத்தை அவள் செய்ததில்லை. ஞானகுரு துணியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தான். வேட்டி நனைந்தது. விரல் நகம் சுவரில் பதிந்து காரை பெயர்ந்தது. "கூப்பிடுடீ அவனை" என்று ரெண்டாம் நாளே கெஞ்சினான். அவள் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கூசாமல் சொல்ல வேண்டும் என்றால் நல்ல சந்தோஷமாகவே இருந்தது.

"அவன் வந்தானா?" என்று ஞானகுரு வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். வெறும் வாசலைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டான். ஜெயிக்கிற வெறி என்று அவள் எண்ணினாள்.

நாலாம் நாள் காலையில் தவசி வந்தான். சட்டை போடவில்லை, விலா எண்ணலாம்போல் இருந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உண்மையைச் சொல்லிருறேன். இடுப்பு மட்டும்தான்னு கை வச்சுர்றேன். ஒரே ஒரு தடவை, இன்னைக்கு ஒரு தடவை மட்டும் அண்ணனைப் பட்டை கட்டிக்கிடச் சொல்லுங்க மதினி."

உள்ளேயிருந்து ஞானகுரு சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம்.

தவசி சொன்னபடி செய்தான். இடது இடுப்பைத் தொட்டான், பெருவிரல் வைத்தான். மறு வாரம் நரம்பைச் சுட்டார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஊசி அளவுக் கம்பி ஒன்றுதான். ஞானகுரு கட்டிலைவிட்டு இறங்கி, செண்பகவல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அறையை ஒரு சுற்று நடந்து வந்தான். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

மருந்தை ஒரேயடியாக நிறுத்த முடியாதாம். சிறுசிறு மாத்திரையாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சிஸ்டர் ஜெபசீலி வீட்டுக்கே வந்து கொடுத்தாள், அதற்குப் பட்டை தேவையில்லை. ஞானகுரு கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தான். கறிச்சோறு கேட்டுத் தின்றான். இதெல்லாம் இன்னொருதரம் காணக் கிடைக்கும் என்று அவள் நினைத்தவளே இல்லை. ஆனால் எரிந்து எரிந்து விழுந்தான், கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான், படுத்தால் தூங்காமல் புரண்டான். இத்தனை நாள் நோயில் கிடந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மாத்திரை முழுசாக நின்ற பிறகு, கடைசியாக ஒரு சடங்கு பாக்கி இருந்தது. சாட்சி பட்டையைக் கட்டி, வலி இல்லை என்று விரல் வைத்தால் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் தவசியின் முகத்தில் விழிக்கவே வேண்டியதில்லை. செண்பகவல்லி காலையிலேயே எழுந்து தலைக்குக் குளித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஞானகுரு ஆட்டோவில் தானாகவே ஏறினான். ஆஸ்பத்திரிப் படியிலும் தானாகவே ஏறினான்.

பட்டையைக் கட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. தவசி அசையவில்லை. துடிக்கவில்லை, நெற்றிகூடச் சுருங்கவில்லை. குளத்தங்கரையில் காற்று வாங்குகிறவன்போல இருந்தான். சிஸ்டர்கூடச் சிரித்தபடி திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"வலிக்குது" என்றான் தவசி. "உடம்பு பூராவும்." விரலை வைத்தான்.

 டாக்டர் ராபியா அவனை முறைத்தார். பிறகு சட்டம் கேட்கச் சொல்லாத கேள்வியை, யாரும் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வியை, நோயாளியிடம் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்கு வலிக்குதா? வேண்டாம்னு நீங்க மறுத்தா நான் குடுக்க வேண்டியதில்லை. அதுக்கு மட்டும் உங்களுக்கு உரிமை இருக்கு."

செண்பகவல்லி நிம்மதியாக மூச்சு விட்டாள். போடு ஒரு போடு, என்று மனசுக்குள் புருஷனை உசுப்பினாள். நாலு நாள் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தவன். இந்த நாய்க்கு எலும்பு போடுவானா?

ஞானகுரு தம்பியைப் பார்த்தான். தம்பியும் அண்ணனைப் பார்த்தான்.

"ஆமா டாக்டர்" என்றான் ஞானகுரு. "வலிக்குது."

"பொய்!" செண்பகவல்லி கத்தியதில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொய் டாக்டர், ரெண்டு பேரும் கூசாமப் புளுகுறாக! நேத்து அவுக கடையில அண்டா தூக்கினாக! ராத்திரி ரெண்டு தட்டுச் சோறு தின்னாக! ஒரு முனகல் இல்லை, பக்கத்துல படுத்திருக்கிறவ சொல்றேன், அவுகளுக்கு வலியே இல்லை!"

டாக்டருக்கு அது உண்மை என்று தெரிந்துதான் இருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார்.

"உங்க சாட்சி செல்லாதும்மா" என்றார். சிஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜெபசீலி மாத்திரை எடுக்கப் போனாள்.

செண்பகவல்லி புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் கோபப்படவில்லை. எரிந்து விழவும் இல்லை. கல்யாணமான புதிதில் பேசுகிற மாதிரி, அத்தனை பதமாகச் சொன்னான்.

"நீ வீட்டுக்குப் போ செண்பகம். இங்க நேரமாகும். தம்பி என்னைக் கூட்டிட்டு வந்துருவான்."